உட்கரு உறைப் புரதம் ஒன்று ஒரு திசுவின் ஜீனோமை மாற்றி அமைக்கிறதா என்று கண்டறிவது எப்படி?

ஓர் உடலின் செல்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ.வைத்தான் கொண்டிருக்கின்றன. அந்த டி.என்.ஏ. உட்கருவுக்குள் எப்படி மடிந்து அமர்ந்திருக்கிறது என்பதோ திசுவுக்குத் திசு மாறுபடுகிறது. உட்கருவின் விளிம்பை ஒட்டிக் கிடக்கும் மரபணுக்களில் மிகப் பல செயலடங்கியும், உட்பகுதியில் இருப்பவற்றில் மிகப் பல செயல்பட்டும் வருகின்றன. எந்தப் பகுதி விளிம்பில் தங்க வேண்டும், எது உள்ளே வர வேண்டும் என்பதில் உட்கரு உறையில் பதிந்துள்ள புரதங்களுக்குப் பங்கு உண்டு என்பதும், அப்புரதங்களில் பல எல்லாத் திசுக்களிலும் காணப்படுவதில்லை என்பதும் கடந்த இருபதாண்டுகளில் நன்றாகத் தெளிவாகியுள்ளன. அப்படிப்பட்ட ஒரு புரதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது என் திசுவில் ஜீனோமின் அமைப்பை உண்மையிலேயே மாற்றுகிறதா?' என்று கேட்கும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மிகத் தெளிவாக ஆராயப்பட்ட திசு என்பதால் எலும்புத்தசையையே தொடர்ந்து எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தேவைப்படும் இடங்களில் கல்லீரல், கொழுப்புத் திசு, விழித்திரை ஆகியவற்றைத் தொட்டுச் செல்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். உட்கரு உறையில் வெளிச் சவ்வு, உள் சவ்வு என இரண்டு சவ்வுகளும் அவற்றைத் துளைத்து நிற்கும் துளைத் தொகுதிகளும் உண்டு. உள் சவ்வின் அடியில் லாமின் இழைகளாலான லாமினா என்னும் வலை படர்ந்துள்ளது. லாமின் ஏ, லாமின் சி இரண்டும் எல்எம்என்ஏ என்ற ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன. லாமின் பி1, பி2 ஆகியவற்றுக்குத் தனித்தனி மரபணுக்கள் இருக்கின்றன. உள் சவ்வில் எல்பிஆர், எமரின், லாப்2-பீட்டா, மான்1 போன்ற சவ்வுப் புரதங்கள் பதிந்துள்ளன. வெகுகாலம் இப்பட்டியல் பதின்மூன்று பெயர்களோடு நின்றிருந்தது. எரிக் ஷிர்மரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் கல்லீரல் உட்கரு உறைகளின் புரதங்களிலிருந்து, சைட்டோபிளாசத்தில் படர்ந்த சவ்வு வலையான எண்டோபிளாச வலையின் புரதங்களைக் கழித்துப் பார்த்தபோது, அதுவரை அறியப்படாத 67 சவ்வுப் புரதங்கள் வெளிவந்தன. பின்னர் ஷிர்மர் குழுவினர் எடின்பரோவில் கல்லீரல், தசை, வெள்ளணுக்கள் ஆகிய மூன்றின் உறைகளையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றுக்கும் பொதுவான சவ்வுப் புரதங்கள் 16 விழுக்காடு அளவிலேயே இருந்தன. உறை என்பது எல்லாச் செல்லுக்கும் பொதுவான ஒரு மூடி என்ற எண்ணத்தை அந்த ஓர் எண்ணே கைவிடச் செய்துவிட்டது.

திசுவை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற செல்லைத் தேடுவது பல ஆய்வகங்களில் வழக்கம். இதைத் தலைகீழாகச் செய்வதே நல்லது. இத்துறையில் மாணவர்கள் இழக்கும் காலத்தில் பெரும்பகுதி, பொருந்தாத செல்லில் செய்த சோதனைக்கு விளக்கம் தேடுவதிலேயே போகிறது என்பது என் கருத்து. எனவே திசுவை முடிவு செய்துகொண்டு, குரோமாட்டினை (டி.என்.ஏ.வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த பொருளை) உறையோடு பிணைக்கும் பொதுவான புரதங்களில் எவை அத்திசுவில் ஏற்கெனவே இருக்கின்றன என்று பாருங்கள்.

இதன் முக்கியத்துவத்தை மியூனிக்கில் இரினா சோலோவெய் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பாலூட்டிச் செல்களில் அடர்ந்து மடிந்து பெரும்பாலும் செயலடங்கிய குரோமாட்டினான ஹெட்டிரோகுரோமாட்டினை விளிம்பில் நிறுத்தி வைப்பவை எல்பிஆர் வழி, லாமின் ஏ/சி வழி என்னும் இரண்டு பிணைப்புகள். வளர்ச்சியின் தொடக்கக் கட்டங்களில் எல்பிஆர் மிகுந்திருக்கிறது. செல்கள் தத்தம் திசுவுக்கேற்பத் தேர்ச்சி பெறும்போது பல திசுக்களில் லாமின் ஏ/சி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. எலியின் விழித்திரைக் கோல் செல்களில் இரண்டுமே இல்லை. ஆகவே அங்கு ஹெட்டிரோகுரோமாட்டின் நடுவில் திரண்டும், செயல்படும் குரோமாட்டின் விளிம்பில் படர்ந்தும், உட்கரு முழுவதுமே உள்வெளியாகப் புரண்டு காணப்படுகிறது. மரபணு மாற்றத்தின் மூலம் கோல் செல்லில் எல்பிஆரை மட்டும் கொண்டுவந்தபோது ஹெட்டிரோகுரோமாட்டின் மீண்டும் விளிம்புக்குத் திரும்பியது. அதே ஆய்வில், தசை மரபணுக்களின் வெளிப்பாட்டின் மீது எல்பிஆர் இழப்பும் லாமின் ஏ/சி இழப்பும் எதிரெதிரான விளைவுகளைக் காட்டின.

இதிலிருந்து செய்முறைக்குக் கிடைக்கும் பாடம் நேரானது. உங்கள் திசுவின் செல்களில் எல்பிஆர், லாமின் ஏ/சி, லாமின் பி1 ஆகிய மூன்றையும், புரத அளவைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டிலும், வெட்டிய திசுவில் ஆன்டிபாடி கொண்டும் முதலில் அளந்துவிடுங்கள். கலவையான திசுவில் வெஸ்டர்ன் மட்டும் போதாது. எந்தச் செல் எந்தப் பட்டையைத் தருகிறது என்பது அதில் தெரியாது. லாமின் ஏ-யின் அளவு திசுவின் விறைப்போடு சேர்ந்து உயர்வதை 2013-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் டிஷர் குழு காட்டியது. மூளையில் அது மிகக் குறைவு. தசையிலும் எலும்பிலும் மிகுதி. ஆகவே மூளைச் செல்லில் கிடைத்த ஒரு முடிவைத் தசைக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

அதன் பிறகே திசுவுக்கே உரிய புரதங்களைத் தேடுங்கள். ஹியூமன் புரோட்டீன் அட்லஸ், ஜிடெக்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் ஆர்.என்.ஏ. அளவைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரிக்கலாம். தசையைப் பொறுத்தவரை நெட்39, டிஎம்இஎம்38ஏ, டபிள்யூஎஃப்எஸ்1 ஆகிய மூன்றும் முன்னணியில் நிற்கின்றன; கொழுப்புத் திசுவில் டிஎம்இஎம்120ஏ. ஆர்.என்.ஏ. அதிகம் என்பதாலேயே புரதம் உறையில் இருக்கும் என்று கொள்ள வேண்டாம். இவற்றில் பல எண்டோபிளாச வலையிலும் வாழ்கின்றன. டிஎம்இஎம்38ஏ-யின் முதன்மைப் பணியாகப் பாடநூல்களில் சொல்லப்படுவதே தசையின் சார்கோபிளாச வலையில் (எண்டோபிளாச வலையின் தசை வடிவத்தில்) பொட்டாசியம் அயனிகளைக் கடத்துவதுதான்.

புரதம் உள் சவ்வில் இருக்கிறதா?

குரோமாட்டினைத் தொட வேண்டுமானால் புரதம் உள் சவ்வில் இருந்தாக வேண்டும். வெளிச் சவ்வு எண்டோபிளாச வலையின் தொடர்ச்சி என்பதால், நுண்ணோக்கியில் உட்கருவைச் சுற்றி ஒரு வளையம் தெரிவது எதையும் நிறுவுவதில்லை. இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. செல்களை ஒரு தட்டில் டிஜிட்டோனினாலும் மற்றொரு தட்டில் டிரைட்டான் எக்ஸ்-100 கொண்டும் துளையிடுங்கள். குறைந்த செறிவில் டிஜிட்டோனின், கொலஸ்டிரால் மிகுந்த செல் சவ்வை மட்டுமே திறக்கும், உட்கருவின் சவ்வுகள் மூடியே இருக்கும். டிரைட்டானோ எல்லாவற்றையும் திறந்துவிடும். டிரைட்டான் தட்டில் வளையம் தெரிந்து, டிஜிட்டோனின் தட்டில் தெரியாவிட்டால், ஆன்டிபாடி பிடிக்கும் அந்தப் பகுதி உட்கருவின் உட்புறத்தில் இருப்பதாகக் கருதலாம். எண்டோபிளாச வலையின் உட்குழிவுக்குள் நீட்டிய பகுதியும் இதே விடையைத்தான் தரும் என்பதால், சவ்வைப் புரதம் எத்தனை முறை கடக்கிறது, எந்த முனை எப்புறம் நிற்கிறது என்பதை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல் இல்லாமல் இச்சோதனையை நம்பக் கூடாது. டிஜிட்டோனின் தட்டில் லாமின் ஆன்டிபாடி ஒளிரக் கூடாது. ஒளிர்ந்தால் டிஜிட்டோனின் அதிகமாகிவிட்டது, செறிவைக் குறைத்து மீண்டும் செய்ய வேண்டும். எண்டோபிளாச வலைப் புரதமான கால்நெக்சினின், சைட்டோபிளாசத்தை நோக்கி நீளும் வாலுக்கான ஆன்டிபாடி அதே தட்டில் ஒளிர வேண்டும்; ஒளிராவிட்டால் செல் திறக்கவே இல்லை. டிஜிட்டோனின் குப்பிக்குக் குப்பி வேறுபடும் பொருள் என்பதால், புதிய குப்பி வந்ததும் இந்த இரண்டு கண்ட்ரோல்களோடு செறிவைப் புதிதாகச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சவ்வுப் புரதங்கள் துளைத் தொகுதியின் ஓரமாக உள் சவ்வுக்குச் செல்லும்போது, அவற்றின் சவ்வுக்கு வெளியே நீட்டிய பகுதி ஏறத்தாழ 60 கிலோடால்டனுக்கு மேல் பருத்திருந்தால் வழி கிடைப்பது கடினமாகிறது. ஒளிரும் ஒட்டாகப் பயன்படும் ஜிஎஃப்பி தனியாகவே 27 கிலோடால்டன். 40 கிலோடால்டன் முனையோடு அதைச் சேர்த்தால், இயல்பில் உள்ளே போகும் புரதம் வெளியே நின்றுவிடக்கூடும். அத்தகைய இடங்களில் எச்ஏ அல்லது மிக் போன்ற சிறிய ஒட்டுகளே பாதுகாப்பானவை.

செல் மாதிரியும் காலமும்

தசைக்கு எலியின் சி2சி12 மயோபிளாஸ்டுகள் (தசையாக மாறவிருக்கும் முன்னோடிச் செல்கள்) பரவலாகப் பயன்படுகின்றன. கன்றின் சீரம் மிகுந்த ஊடகத்தில் பெருகும் இவற்றை 2 விழுக்காடு குதிரைச் சீரத்துக்கு மாற்றினால், சில நாட்களில் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட மயோட்யூப்களாகின்றன. நெட்39 போன்ற புரதங்கள் இந்த மாற்றத்தின்போதுதான் பெருகுகின்றன. எனவே இரண்டு திசையிலும் சோதிக்க வழி இருக்கிறது: மயோபிளாஸ்டில் இல்லாத புரதத்தைச் சேர்த்தும் பார்க்கலாம், மயோட்யூபில் இருப்பதை நீக்கியும் பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கலைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள் பலர். தட்டில் உள்ள எல்லாச் செல்களும் இணைவதில்லை. ஒற்றை உட்கருவோடு நின்றுவிடும் செல்கள் கணிசமாக எஞ்சுகின்றன. அவற்றின் உட்கருக்களையும் சேர்த்து அரைத்தால் மயோட்யூபின் குறி நீர்த்துப்போகும். நீர்த்த டிரிப்சினைச் சிறிது நேரம் ஊற்றினால் மயோட்யூப்கள் முதலில் கழன்று வரும், ஒற்றைச் செல்கள் தட்டோடு ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியை விட்டு அகலாமல், குழாய் வடிவங்கள் சுருங்கிக் கழலும் கணத்தில் ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எல்லாமே வந்துவிடும்.

இடத்தை அளத்தல்

ஒரு மரபணு விளிம்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று நேரடியாகக் காட்டுவது, அம்மரபணுவோடு பொருந்தி ஒட்டும் ஒளிரும் டி.என்.ஏ. துண்டை (புரோபை)ச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஃபிஷ் முறைதான். ஜீனோம் வரைபடங்கள் எவ்வளவு வளர்ந்தாலும், கண்ணால் பார்க்கும் இந்தச் சான்றைத் தவிர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். செல்களை 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, டிரைட்டானால் துளையிட்டு, கிளிசராலில் ஊறவைத்துத் திரவ நைட்ரஜனில் சில முறை உறையவைத்து உருக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சற்றுநேரம் வைத்து, ஃபார்மமைடில் சூடாக்கி டி.என்.ஏ. இழைகளைப் பிரித்த பின்னர் புரோபைச் சேர்ப்பது முப்பரிமாண ஃபிஷ்ஷின் வழக்கமான வரிசை. எந்தக் கட்டத்திலும் செல்கள் காய்ந்துவிடக் கூடாது. காய்ந்த உட்கரு தட்டையாகிவிடும். தட்டையான உட்கருவில் எடுக்கும் அளவுகள் எதற்கும் உதவாது.

தட்டையாதல் என்பது காய்வதால் மட்டும் வருவதன்று. கண்ணாடியில் ஒட்டிப் படர்ந்து வளரும் செல்களின் உட்கருவே இயல்பில் தட்டையாக இருக்கும். அதன் மேற்சவ்விலோ கீழ்ச்சவ்விலோ ஒட்டியிருக்கும் ஒரு மரபணு, மேலிருந்து எடுத்த படத்தில் உட்கருவின் நட்டநடுவில் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது உறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே செங்குத்தாக அடுக்கடுக்காகப் படம் எடுத்து, லாமின் சாயத்தை உறையின் எல்லையாகக் கொண்டு, மரபணுவைக் குறிக்கும் ஒளிப்புள்ளியிலிருந்து மிக அருகிலுள்ள உறைக்கு உள்ள தூரத்தை முப்பரிமாணத்தில் அளப்பதே சரியான வழி. இரு பரிமாணப் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், உட்கருவைச் சம பரப்புள்ள ஐந்து வளையங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணலாம். எந்த விருப்பமும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வளையத்திலும் 20 விழுக்காடு விழ வேண்டும். டி.என்.ஏ. சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு வளையத்தின் புள்ளி எண்ணிக்கையையும் அந்த வளையத்தில் டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் டாபி சாயத்தின் ஒளியளவால் வகுத்துவிடுங்கள். தசையின் உட்கருக்கள் நீண்டு ஒடுங்கியவை. மையத்திலிருந்து வட்டம் வரைந்து பிரிக்காமல், உட்கருவின் விளிம்பையே உள்நோக்கிப் படிப்படியாக அரித்துக்கொண்டு போகும் மென்பொருளைப் பயன்படுத்துவது இதனால்தான்.

கண்ட்ரோல் மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எப்போதும் விளிம்பில் இருப்பது ஒன்றும் எப்போதும் உள்ளே இருப்பது ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். மனிதச் செல்லானால் குரோமோசோம் 18, 19 இரண்டும் நல்ல இணை. அளவில் நெருங்கியவை என்றாலும் மரபணுக்கள் குறைந்த 18 விளிம்பிலும், மரபணுக்கள் செறிந்த 19 நடுவிலும் அமர்வதை எடின்பரோவில் 1999-இல் காட்டினார்கள். உங்கள் படத்தில் இந்த இரண்டும் பிரியவில்லை என்றால், புதிய புரதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் சோதனையின் வரிசையைத் திருத்த வேண்டும்.

ஒவ்வொரு மறுசோதனையிலும் 50 முதல் 100 உட்கருக்கள் வரை அளக்கலாம். மறுசோதனைகள் மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். 300 உட்கருக்களை அளந்ததால் மாதிரி எண்ணிக்கை 300 ஆகிவிடாது. தனித்தனியாக வளர்த்த தட்டுகள் மூன்று என்றால் எண்ணிக்கை மூன்றுதான். இதை மறந்து கணக்கிட்ட மிகச் சிறிய 'பி' மதிப்புகளே, பின்னர் யாராலும் மீண்டும் பெற முடியாத முடிவுகளின் பிறப்பிடம். அளப்பவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியாதவாறு பெயர்களை மறைத்து வைப்பதும் அவசியம். சி2சி12 செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை இயல்பானதன்று. ஓர் உட்கருவில் இரண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் தெரிந்தால் திகைக்காமல் எல்லாவற்றையும் எண்ணுங்கள்.

ஜீனோம் முழுவதையும் பார்த்தல்

சில மரபணுக்களின் இடமாற்றத்தைக் கண்ட பிறகு, ஜீனோம் முழுவதிலும் உறையைத் தொடும் பகுதிகளின் வரைபடம் வேண்டும். அதற்கான முதன்மை முறை டேம்ஐடி. பாக்டீரியாவின் டேம் என்னும் நொதியை லாமின் பி1-உடன் இணைத்துச் செல்லுக்குள் செலுத்தினால், லாமினாவைத் தொடும் டி.என்.ஏ.வில் ஜிஏடிசி என்ற வரிசை வரும் இடங்களிலெல்லாம் அடினின் மெத்தில் குறி பெறும். பாலூட்டி டி.என்.ஏ.வில் இக்குறி இயல்பாகக் கிட்டத்தட்ட இல்லை என்பதால் பின்னணி இரைச்சல் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் பாஸ் ஃபான் ஸ்டீன்செல் குழுவினர் இம்முறையில் 2008-இல் மனித நுரையீரல் நாரிழைச் செல்களில் 1,300-க்கும் மேற்பட்ட லாமினா தொடர்புப் பகுதிகளை வரைந்தனர். ஒவ்வொரு பகுதியும் 1 லட்சம் முதல் 1 கோடி கார இணைகள் வரை நீளம். சேர்த்துப் பார்த்தால் ஜீனோமின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

செய்முறையில் முதல் விதி, டேம் புரதம் மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது. மரபணுவை இயக்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியாக வலுவான புரமோட்டரைப் போட்டால் செல் முழுவதும் குறி நிரம்பி, உறையும் உட்பகுதியும் ஒன்றாகிவிடும். வெப்ப அதிர்ச்சி புரமோட்டரைத் தூண்டாமல் விட்டு, அதிலிருந்து கசியும் அளவை மட்டும் பயன்படுத்துவது வழக்கம். அந்த அளவு வெஸ்டர்னில் தெரியாது. தெரிந்தால் அதிகம் என்று பொருள். இரண்டாவது விதி, டேம் மட்டும் தனியாக உள்ள கண்ட்ரோல். திறந்த குரோமாட்டினை எந்த நொதியும் எளிதில் தொடும் என்பதால், லாமினோடு இணைந்த டேமின் குறியைத் தனி டேமின் குறியால் வகுத்துப் பெறும் விகிதத்துக்கே மதிப்பு உண்டு. மூன்றாவது, இந்த மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடை டேம் நொதி இல்லாத ஈ. கோலை வகையில் வளர்க்க வேண்டும். சாதாரண வகையில் வளர்த்தால் பிளாஸ்மிடே மெத்தில் குறியோடு வந்து, பிசிஆரில் செல்லின் டி.என்.ஏ.வை மூழ்கடித்துவிடும். தசை போன்ற, பிரியாத செல்களுக்குள் மரபணுவைச் செலுத்த லென்டிவைரஸ் ஏற்றது.

டி.என்.ஏ.வை எடுத்த பின், மெத்தில் பெற்ற ஜிஏடிசி-யை மட்டும் வெட்டும் டிபிஎன்1 நொதியால் வெட்டி, முனைகளில் அடாப்டரை ஒட்டி, மெத்தில் பெறாத ஜிஏடிசி-யை வெட்டும் டிபிஎன்2 நொதியால் இடையில் குறியற்ற இடம் உள்ள துண்டுகளை ஒதுக்கி, எஞ்சியவற்றைப் பிசிஆரில் பெருக்குகிறோம். வரிசையறிதலுக்கு அனுப்பும் முன் அகரோஸ் ஜெல்லில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நல்ல மாதிரியில் சில நூறு முதல் சுமார் 2,000 கார இணைகள் வரை ஒரே சீரான மங்கல் பட்டை தெரியும். டிபிஎன்1 சேர்க்காத மாதிரியின் வரிசையில் எதுவும் தெரியக் கூடாது. அதிலும் அதே மங்கல் தெரிந்தால், உடைந்த டி.என்.ஏ. முனைகளில் அடாப்டர் ஒட்டியிருக்கிறது. அந்த மாதிரியை வரிசையறிதலுக்கு அனுப்புவது பணத்தை வீணாக்குவதே.

தரவைப் படிக்கும்போது, கூர்மையான முகடுகளைத் தேடும் மென்பொருள்களை ஒதுக்கிவிடுங்கள். லாமினா தொடர்புப் பகுதிகள் நீண்ட மேடுகள். பல ஆயிரம் கார இணைகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, மறைநிலை மார்க்கோவ் மாதிரி என்னும் புள்ளியியல் முறை கொண்டு எல்லைகளைக் குறிப்பதே பொருந்தும். மயோபிளாஸ்டையும் மயோட்யூபையும் ஒப்பிடும் முன், எல்லாச் செல் வகைகளிலும் மாறாமல் விளிம்பில் இருக்கும் பகுதிகள் இரண்டு வரைபடத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அடினின், தைமின் மிகுந்த அந்தப் பகுதிகள் பெருமளவில் மாறியதாகத் தெரிந்தால், உயிரியலைச் சந்தேகிக்கும் முன் அளவுத் திருத்தத்தைச் சந்தேகியுங்கள். செல்கள் முதுமையடைந்தால் லாமின் பி1 குறைந்துவிடும் என்பதால், பலமுறை பிரித்து வளர்த்த முதனிலைச் செல்களின் வரைபடத்தை இளம் செல்களுடையதோடு ஒப்பிட வேண்டாம்.

வரைபடம் சொல்வது என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். மெத்தில் குறி மணிக்கணக்கில் சேர்கிறது. அது அந்தக் கணத்தின் படம் அன்று. 2013-இல் தனித்தனிச் செல்களில் குறிபெற்ற டி.என்.ஏ.வைப் பின்தொடர்ந்தபோது, ஏதேனும் ஒரு கணத்தில் அப்பகுதிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடே விளிம்பில் இருந்தன. செல் பிரிந்த பின் எவை விளிம்புக்குத் திரும்புகின்றன என்பதும் பெரிதும் தற்செயலாகவே அமைந்தது. ஆகவே லட்சக்கணக்கான செல்களிலிருந்து வரும் மேடு, தொடும் வாய்ப்பைத்தான் குறிக்கிறது. ஃபிஷ் படத்தில் பாதிச் செல்களிலேயே மரபணு விளிம்பில் இருந்தால், இரண்டு சோதனைகளும் முரண்படுவதாகக் கருதத் தேவையில்லை.

மரபணுவைச் செலுத்த இயலாத உறைந்த திசுவாக இருந்தால், லாமினுக்கு அருகிலுள்ள டி.என்.ஏ.வை ஆன்டிபாடி வழியே வெட்டியெடுக்கும் கட்-அண்ட்-ரன், அல்லது பிரித்தெடுத்த உட்கருக்களில் ஆன்டிபாடி வழியாக டேமைக் கொண்டு சேர்க்கும் பிஏ-டேம்ஐடி ஆகியவற்றை நாடலாம்.

காரணமா, விளைவா?

மரபணு விளிம்புக்குப் போனது, அடங்கியது, உறைப் புரதமும் அதே நேரத்தில் பெருகியது என்ற மூன்று செய்திகளும் சேர்ந்து வந்தாலும் காரணம் நிறுவப்பட்டதாகாது. 2008-இல் மூன்று ஆய்வகங்கள் ஒரு மரபணுவைச் செயற்கையாக உறையோடு கட்டிவைத்துப் பார்த்தன. சிலவற்றில் வெளிப்பாடு குறைந்தது; லாமின் பி1-உடன் கட்டிய ஒன்றிலோ மரபணு தூண்டுதலுக்கு இயல்பாகவே பதில் தந்தது. 2014-இல் வெண்டி பிக்மோரின் குழு எதிர்த்திசையிலிருந்து அணுகியது. மரபணுவைப் படியெடுக்கச் செய்யாமல் அதன் குரோமாட்டினை மட்டும் தளர்த்தியபோதே அது விளிம்பை விட்டு உள்ளே நகர்ந்தது. ஆக, இடமாற்றம் சில வேளை காரணமாகவும் சில வேளை விளைவாகவும் இருக்கலாம் என்ற நிலையில்தான் உங்கள் புரதத்தை நீங்கள் சோதிக்கப் போகிறீர்கள்.

தசையில் இக்கேள்வியை ஷிர்மர் குழுவினர் 2016-இல் எதிர்கொண்டனர். நெட்39, டிஎம்இஎம்38ஏ, டபிள்யூஎஃப்எஸ்1 ஆகிய மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு மரபணுத் தொகுப்புகளை விளிம்புக்குக் கொண்டு செல்கின்றன என்றும், அவற்றுள் பல தசையாக்கத்தின் தொடக்கத்தில் தேவைப்பட்டுப் பின்னர் தடையாகும் மரபணுக்கள் என்றும் கண்டனர். ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைத்தபோது விளைவு மிதமாகவே இருந்தது. மூன்றையும் சேர்த்துக் குறைத்தபோது மயோட்யூப் உருவாவதே ஏறத்தாழ நின்றுபோனது. இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒரு புரதத்தை நீக்கிப் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. அதே திசுவின் மற்ற உறைப் புரதங்கள் ஈடுசெய்துகொண்டிருக்கலாம். மறுபுறம், தசையாக்கமே நின்றுபோன செல்லில் மரபணுக்கள் பழைய இடத்தில் இருப்பதில் வியப்பில்லை. முதிராத செல் முதிராத அமைப்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எனவே இடமாற்றத்துக்கான முதன்மைச் சான்றை, இணைவு இயல்பாக நடந்தும் மரபணு மட்டும் இடம் மாறாமல் நின்ற ஒற்றைக் குறைப்புச் சோதனையிலிருந்தே எடுங்கள்.

அடுத்து மீட்புச் சோதனை. புரதத்தைக் குறைக்கப் பயன்படுத்திய ஆர்.என்.ஏ. குறுக்கீட்டுக்கு அகப்படாதவாறு வரிசை மாற்றிய புரதத்தைத் திருப்பிச் செலுத்தினால் மரபணு விளிம்புக்குத் திரும்ப வேண்டும். டிஎம்இஎம்38ஏ, டபிள்யூஎஃப்எஸ்1 இரண்டுக்கும் எண்டோபிளாச வலையில் கால்சியத்தோடு தொடர்புடைய பணிகள் இருப்பதால், அவற்றை நீக்கும்போது கால்சியம் குலைந்து அதன் வழியே மரபணுக்கள் மாறினவா என்ற கேள்வி எழும். அயனிக் கடத்தலை இழந்தும் உறையில் சரியாக அமரும் ஒரு திரிபைக் கொண்டு மீட்பு நடக்கிறதா என்று பார்ப்பது இதற்குத் தக்க விடை தரும். நடக்காவிட்டால், உங்கள் கட்டுரையின் தலைப்பை அடக்கமாக வைக்க வேண்டியிருக்கும்.

பிணைப்பின் வேதியியலையும் விட்டுவிடலாகாது. எமரினும் லாப்2-பீட்டாவும் ஹிஸ்டோன்களின் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களின்) அசிட்டில் குறியை நீக்கும் எச்டிஏசி3 என்னும் டீஅசிட்டிலேஸைப் பிடித்துவைக்கின்றன. எல்பிஆர், ஹெட்டிரோகுரோமாட்டின் புரதமான எச்பி1-ஐப் பற்றுகிறது. விளிம்புப் பகுதிகளில் ஹிஸ்டோன் எச்3-இன் 9-ஆம் லைசின் மெத்தில் குறி மிகுந்திருக்கிறது. புரதத்தை நீக்கிய செல்லில் அக்குறி மாறாமல் மரபணு மட்டும் நகர்ந்தால், நேரடிப் பிணைப்பு என்னும் விளக்கம் வலுப்பெறும். குறியே மறைந்திருந்தால் வழி வேறு.

காரணத்தை நிறுவியதற்கு நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு ஒரு புழுவிலிருந்து வருகிறது. எமரி-டிரைஃபஸ் தசைச் சிதைவு நோயில் காணப்படும் லாமின் திரிபு ஒன்றைச் சூசன் கேஸரின் குழு சி. எலிகன்ஸ் புழுவில் வைத்தபோது, தசையில் உள்ளே வர வேண்டிய தசை மரபணு விளிம்பிலேயே சிக்கிக்கொண்டது. தசையின் இயக்கமும் குறைந்தது. மெத்தில் பெற்ற ஹிஸ்டோனை உறையோடு பிணைக்கும் செக்-4 என்ற வேறொரு புரதத்தைப் பின்னர் நீக்கியபோது, திரிபு அப்படியே இருக்க, சிக்கலும் தசைக் குறைபாடும் பெருமளவு நீங்கின. பிணைப்பை மட்டும் அறுத்து விளைவைத் திருப்பிக் காட்டும் இவ்வகைச் சோதனைக்கு உங்கள் திசுவில் இடமிருந்தால், மற்ற எதற்கும் முன்னதாக அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

விலங்குத் திசுவும் நோயாளித் திசுவும்

தட்டில் வளர்த்த செல்லில் கிடைத்த முடிவை உயிருள்ள திசுவில் சரிபார்க்க வேண்டும். 2021-இல் டெக்சஸில் எரிக் ஓல்சன் குழு நெட்39 இல்லாத எலிகளை உருவாக்கியபோது அவை கடுமையான தசை நோயோடு இளமையிலேயே இறந்தன. குரோமாட்டின் அமைப்பு மாறியிருந்ததோடு உட்கருவின் வடிவமும் கெட்டு, டி.என்.ஏ. சேதமும் காணப்பட்டது. எமரி-டிரைஃபஸ் நோயாளிகளின் தசையிலும் நெட்39 குறைந்திருந்தது. கொழுப்புத் திசுவில் மட்டும் டிஎம்இஎம்120ஏ-யை நீக்கிய எலிகளில், எல்எம்என்ஏ திரிபால் மனிதருக்கு வரும் டன்னிகன் வகைக் கொழுப்புச் சிதைவை ஒத்த நிலை தோன்றியதை 2022-இல் ஷிர்மரின் எடின்பரோ குழு காட்டியது. ஒரே எல்எம்என்ஏ மரபணுவின் திரிபுகள் ஒருவருக்குத் தசையையும் இன்னொருவருக்குக் கொழுப்பையும் தாக்குவதற்கு, அந்தந்தத் திசுவுக்கே உரிய இத்தகைய கூட்டாளிப் புரதங்கள் ஒரு விளக்கமாகக் கருதப்படுகின்றன.

நெட்39 எலி ஓர் எச்சரிக்கையும் கூட. சுருங்கித் துடிக்கும் தசையில் உறை பலவீனமானால் உட்கரு கிழிந்து, அதனாலேயே குரோமாட்டின் குலையலாம். ஆகவே விலங்குத் திசுவில் இடமாற்றத்தைக் கண்டதும் காமா-எச்2ஏஎக்ஸ் ஆன்டிபாடியால் டி.என்.ஏ. சேதத்தையும், உட்கருவிலிருந்து புரதம் கசிகிறதா என்பதையும் அதே வெட்டுகளில் பாருங்கள். சேதம் தோன்றுவதற்கு முந்தைய வயதிலேயே மரபணு இடம் மாறியிருந்தால் உங்கள் வாதம் நிற்கும்.

தசைத் துண்டில் தசைநாரின் உட்கருக்களோடு நாரிழைச் செல், இரத்தக் குழாய்ச் செல், சாட்டிலைட் செல் (தசையின் குருத்தணு) ஆகியவற்றின் உட்கருக்களும் கலந்தே வரும். முதிர்ந்த தசையில் பிசிஎம்1 புரதம் உட்கருவின் வெளிப்புறத்தில் குவிவதால், அதற்கான ஆன்டிபாடியால் தசைநார் உட்கருக்களைப் பிரித்தெடுக்கலாம். ஜிஎஃப்பி ஒட்டிய சன்1 புரதத்தைக் கொண்டு உட்கருக்களைப் பிடிக்கும் எலிகளும் கிடைக்கின்றன. நாம் ஆராயும் உறையிலேயே ஒரு புரதத்தை மிகுதியாக ஏற்றும் முறை என்பதால், இந்தக் கேள்விக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நோயாளியின் பயாப்சி கிடைத்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு, அதைத் துண்டாக்கும் வரிசையை முன்பே எழுதி வையுங்கள். ஃபிஷ்ஷுக்கான துண்டு முதலில் நிலைப்படுத்தும் கரைசலுக்குப் போகட்டும், ஆர்.என்.ஏ.வுக்கானது உடனே திரவ நைட்ரஜனில் இறங்கட்டும். உட்கரு பிரிப்பதற்கான பெரிய துண்டை மூன்றாவதாக உறையவைக்கலாம். எந்தத் தசையிலிருந்து எடுத்தது, நோயாளியின் வயது என்ன, நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது ஆகியவற்றைக் குப்பியின் எண்ணோடு அன்றே பதிவு செய்யுங்கள். ஒப்பிடுவதற்கு எடுக்கும் ஆரோக்கியமான தசையும் உடலின் அதே இடத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். தொடைத் தசையைத் தோள் தசையோடு ஒப்பிட்டால், நார் வகைகளின் வேறுபாடே நோயின் வேறுபாடாகத் தோன்றிவிடும்.